வீணாய்ப் போன படம்

ஜூன் 14

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம். அம்மாவும் சுகம் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறாள்.

நான் யாரென்று உங்களுக்குச் சட்டென்று பிடிபடாது. போன வருஷக் கோடை விடுமுறையில், மலைமேல் இருக்கிற ஏரியில், வாத்துப் படகு வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றீர்கள். நீலத் தொப்பி போட்டுக்கொண்டு வாய் ஓயாமல் பேசியவர் என் அப்பா. பக்கத்தில் கொக்கு மாதிரி நின்றது நான். அப்பா என்னை ஒட்டடைக்குச்சி என்று கூப்பிட்டதும் உங்கள் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "ரொம்பச் சிரிக்காத, நீ கடுகு" என்று அவளுக்கும் அப்பா ஒரு பெயர் வைத்தார்.

அப்புறம் நடந்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கடுகு உங்கள் கேமராவை அங்கிளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு அப்பாவுக்கு எதிரே போய் நின்றாள்.

"மாமா, தொப்பியக் கழட்டுங்க. மூஞ்சியே தெரியல."

"மூஞ்சி தெரிஞ்சா கேமரா உடைஞ்சிடுமே."

"பரவால்ல. இது எங்கப்பா கேமரா."

அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அவள் அமுக்கினாள். அதோடு ரோல் முடிந்துவிட்டது. "கடைசிப் படம், படகுல எடுக்கலாம்னு வச்சிருந்தேன், வீணாப் போச்சே" என்று அங்கிள் திட்டினார். "விடுங்க சார், என்கிட்ட ரோல் இருக்கு" என்று அப்பாதான் உங்கள் மூன்று பேரையும் எங்கள் கேமராவில் எடுத்தார். ஊருக்கு வந்ததும் தபாலில் அனுப்பினார். நீங்கள் நன்றி சொல்லி எழுதிய கடிதத்தின் உறை அவருடைய மேஜையில் இருந்தது. அதிலிருந்துதான் முகவரி எடுத்தேன்.

ஏப்ரல் மாதத்தில் பால் வாங்கப் போன அப்பா இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

போலீஸில் படம் கேட்டார்கள். எங்கள் வீட்டில் அலமாரி கொள்ளாமல் ஆல்பம் இருக்கிறது. ஒன்றில்கூட அப்பா இல்லை. எடுப்பவர் எப்போதும் அவர்தானே? மூலையில் அவருடைய விரல் இருக்கிறது. தரையில் அவருடைய நிழல் இருக்கிறது. அவ்வளவுதான். கல்யாணப் படத்தைக் காட்டினால், "யாரிது, உங்க தம்பியா?" என்று அம்மாவிடம் கேட்டார்கள். வேலை அட்டை அவர் சட்டைப் பையோடு போய்விட்டது.

அந்த வீணாய்ப் போன படம் எனக்கு வேண்டும். தயவுசெய்து அனுப்புங்கள். எங்கள் வீட்டு முகவரிக்கு வேண்டாம். கீழ்வீட்டுத் தையல் அக்காவின் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், இப்போது எங்களோடு இருக்கிறார். இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். எல்லாரும் தூங்கின பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் இருமினால் விளக்கை அணைத்துவிடுவேன். எழுத்து கோணியிருந்தால் மன்னிக்கவும்.

கடுகுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
ஒட்டடைக்குச்சி


ஜூன் 29

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

நலம். உன் உடம்பு நல்லபடியாக இருக்கட்டும்.

முதலில், என்னை 'அம்மா அவர்களுக்கு' என்று எழுதாதே. மேடையில் ஏற்றி மாலை போட்ட மாதிரி இருக்கிறது. அத்தை போதும்.

உன்னை நன்றாக ஞாபகம் இருக்கிறது. உன் அப்பாவையும்தான். நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கடையில் அன்று எனக்கு வேலை ஓடவில்லை. நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் இருக்கிறேன். ஒரு பெரியவருக்கு வலக் கண்ணுக்குப் போட வேண்டிய வில்லையை இடக் கண்ணுக்கு மாட்டி, "என்னம்மா, என்னைக் கவுத்துடப் பாக்கிறியா?" என்று திட்டு வாங்கினேன்.

உன் அப்பா அனுப்பிய படம் கூடத்தில் மாட்டியிருந்தது. இப்போது உள் அறையில் இருக்கிறது.

நீ கேட்கிற படம் உள்ள ரோலை நாங்கள் இன்னும் கழுவவில்லை. "இன்னொரு ரோலும் முடியட்டும், சேத்தே கழுவிடலாம்" என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியே நின்றுவிட்டது. பார்க்கிறேன்.

உன் அம்மாவைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அத்தை


ஜூலை 6

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கண்டு ரொம்ப சந்தோஷம். நீங்கள், அங்கிள், கடுகு மூன்று பேரும் நலமா?

தையல் அக்கா கடிதத்தை என் சீருடைக்குள் மடித்து வைத்துக் கொடுத்தார். "உன் பாவாடைக்கு இந்த மாசம் எத்தனை தடவைதான் ஓரம் பிரிக்கிறதாம்? நீ வளர்றது பத்தாதுன்னு உங்க மாமாவோட சந்தேகம் வேற வளருது" என்று சொன்னார்.

ரோல் இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. இங்கே கடைத்தெரு ஸ்டூடியோவில் காலையில் கொடுத்தால் மாலையில் தந்துவிடுகிறார்கள். உங்கள் ஊரிலும் அப்படித்தானே?

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டதும் நானே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அப்பாவின் நிழல் நன்றாக விழுந்திருக்கிற ஒரு படத்தை எடுத்துக்கொண்டு போனேன். தொப்பி, முழங்கை, எல்லாம் தெளிவாகத் தெரியும். அங்கே இருந்த ஏட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாப்பா, நிழல வச்சு ஆளப் பிடிக்க முடியுமா?"

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். ஏட்டு சிரிக்கவில்லை. "முகம் தெரியிற மாதிரி ஒண்ணே ஒண்ணு கொண்டா. எல்லா ஊர் ஆஸ்பத்திரிக்கும், ஆதரவில்லாதவங்க இருக்கிற விடுதிக்கும் அனுப்பி வைக்கிறேன். இது என் பொறுப்பு" என்றார். மாமாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். "ஓடிப்போனவனத் தேடினா ஊரே சிரிக்கும்" என்பது அவர் பேச்சு.

இன்னொன்று கேட்க வேண்டும். அப்பா உங்களுக்கு அனுப்பிய படத்தின் பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா? ஏன் கேட்கிறேன் என்று இப்போது கேட்காதீர்கள்.

கடுகு இப்போது இரண்டாம் வகுப்பா? அவளுக்கு ஒரு சிவப்பு ரிப்பன் வைத்திருக்கிறேன். ஏரியில் வரிசையில் நிற்கும்போதே ஒரு பக்கத்து ரிப்பனைத் தண்ணீரில் விட்டுவிட்டு அழுதாளே, அதற்குப் பதில்.

இப்படிக்கு,
உங்கள் ஒட்டடைக்குச்சி


ஆகஸ்ட் 2

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. நாங்கள் இருக்கிறோம். நீயும் அம்மாவும் நலமென்று நினைக்கிறேன்.

ரிப்பன் வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

படத்தின் பின்னால் எழுதியிருப்பதை அப்படியே கீழே தருகிறேன்:

"ஏரியில் பார்த்தவர்கள். அவர் கோபப்பட்டார், உடனே சிரித்தார். அந்த அம்மாவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. சின்னவள் கடுகு. பெயர் நான் வைத்தது. ஒட்டடைக்குச்சி படத்தில் இல்லை. எனக்குப் பக்கத்தில் நின்றாள்."

அன்று படித்தபோது வேடிக்கையான மனிதர் என்று நாங்கள் சிரித்தோம். நேற்று மறுபடி படித்தேன். எங்களைப் பற்றி எங்களுக்கே எதற்காக எழுத வேண்டும்? நீ ஏன் கேட்டாய் என்று நானும் கேட்கவில்லை. சொல்லத் தோன்றினால் சொல்.

கேமரா மேல் அலமாரியில் இருக்கிறது. சாவி அவரிடம். நேரம் பார்த்துத்தான் அவரிடம் பேச வேண்டும். வீட்டில் சில நாள் பேச்சு வருகிறது, சில நாள் வருவதில்லை.

மழை ஆரம்பித்துவிட்டது. நனையாதே. காய்ச்சல் வந்தால் சின்னக் காய்ச்சல்தானே என்று இருந்துவிடாதே. உடனே டாக்டரிடம் போ. இதை நீ எனக்குச் சத்தியம் செய்து எழுத வேண்டும்.

அத்தை


ஆகஸ்ட் 9

அன்புள்ள அத்தைக்கு,

அங்கே எல்லாரும் நலமா? சத்தியமாக நனைய மாட்டேன். தும்மினால்கூட டாக்டரிடம் போகிறேன்.

யாரிடமும் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

அப்பாவுக்கு வேலை, வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எண் குறிப்பது. போன வருஷம் ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு தடவை போயிருக்கிறார். "இப்பத்தானே சார் வந்துட்டுப் போனீங்க?" என்று கேட்டதற்கு, "உங்க வீட்டுத் தண்ணி ருசியா இருந்துச்சு, அதான்" என்று சமாளித்திருக்கிறார். வீட்டில் வந்து இதைச் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

ஏரிக்குப் போய் வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா கடைக்குப் போயிருந்தபோது, ஆல்பங்களையெல்லாம் கூடத்தில் பரப்பி வைத்திருந்தார். ஒவ்வொரு படமாக உருவி, பின்பக்கத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் கட்டைவிரலால் எழுத்தை மறைத்துக்கொண்டு, முகத்தைப் பார்த்து வாய்க்குள் ஏதோ சொன்னார். திருப்பிப் பார்த்தார். சரியாக இருந்தால் வலப் பக்கம் வைத்தார். இல்லாவிட்டால் இடப் பக்கம். நாங்கள் பரீட்சைக்கு வாய்பாடு சொல்லிப் பார்ப்போமே, அதே மாதிரி. இடப் பக்கம்தான் உயரமாக இருந்தது.

நான் நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"யார்கிட்டயும் சொல்லாத. அம்மாகிட்டகூட. கொஞ்சம் படிச்சா தேறிடுவேன்" என்றார்.

அதனால் சொல்லவில்லை. உங்களுக்கு வந்தது அவர் தனக்காக எழுதிவைத்துக்கொண்ட பிரதி, அத்தை. இரண்டு பிரதி போட்டிருப்பார். மாற்றி அனுப்பிவிட்டார்.

அவர் ஓடிப்போகவில்லை. வீடு எங்கே என்று தெரியாமல் எங்கேயோ நிற்கிறார். பெயர் கேட்டால் சொல்ல வராது. அதனால்தான் அவருடைய முகம் வேண்டும். முகத்தைத் தவிர வேறெதுவும் அவருக்காகப் பேசாது.

மாமா இந்த வீட்டைக் காலி செய்யப் போகிறார். செப்டம்பர் முடிந்ததும் எங்களைத் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவாராம். அப்பா எப்படியாவது வழி கண்டுபிடித்து வந்தால், பூட்டின கதவைப் பார்த்துவிட்டு மறுபடி போய்விடுவார். ஆல்பத்தையெல்லாம் கயிறு போட்டுக் கட்டிப் பரண்மேல் ஏற்றியாகிவிட்டது.

சீக்கிரம் அத்தை. கடுகையே அங்கிளிடம் கேட்கச் சொல்லுங்கள். அவள் கேட்டால் யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது.

ஒட்டடைக்குச்சி


செப்டம்பர் 3

அத்தைக்கு,

நலமாக இருப்பீர்கள்.

தினமும் தையல் அக்கா வீட்டு வாசலில் நின்றுவிட்டு வருகிறேன். நான் கேட்பதற்கு முன்பே அவர் இல்லை என்று தலையை ஆட்டிவிடுகிறார்.

ஒரு ரோலைக் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? உங்களுக்கு அது வீணாய்ப் போன படம். எங்களுக்கு வேறு படமே இல்லை. உங்கள் வீட்டில் எல்லாரும் இருக்கிறீர்கள், அதனால் அவசரம் தெரியவில்லை. சாயங்காலம் கதவு தட்டினால் அங்கிள்தான் என்று உங்களுக்குத் தெரியும். கடுகு எங்கே என்று கேட்டால் உள்ளே விளையாடுகிறாள் என்று சொல்லிவிடுவீர்கள். எங்கள் வீட்டில் கதவு தட்டும்போது அம்மா கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுகிறாள்.

நேற்று அப்பாவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். புருவம் வரவில்லை. எனக்கும் அந்த நோய் வந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

அனுப்ப விருப்பமில்லை என்றால் அப்படியே எழுதிவிடுங்கள். நான் வாசலில் நிற்பதையாவது நிறுத்திவிடுவேன்.

ஒட்டடைக்குச்சி


செப்டம்பர் 8

என் ஒட்டடைக்குச்சிக்கு,

உன் கோபம் நியாயம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

ஒவ்வொரு கடிதத்திலும் நீ கடுகைக் கேட்டாய். ஒவ்வொரு கடிதத்திலும் நான் அந்த வரியைத் தாண்டிப் போனேன். யாரும் இப்போது அவளை அந்தப் பெயரில் கேட்பதில்லை. யாருமே கேட்பதில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் எங்கள் எதிரில் குழந்தைகளைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். உன் கடிதத்தில் மட்டும் அவள் இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

போன வருஷம் இதே மழைக்காலம். வியாழக்கிழமை காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். சின்னக் காய்ச்சல்தானே என்று இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் வீட்டுக்கு வந்தோம்.

அந்த ரோல் கேமராவுக்குப் பக்கத்தில், டப்பியில் இருக்கிறது. அதில் மலைக்குப் போகிற வழியெல்லாம் அவள்தான். அவை ஒன்றையும் நாங்கள் பார்த்ததில்லை. கழுவாத வரைக்கும், நாங்கள் இன்னும் பார்க்காத கடுகு கொஞ்சம் மீதி இருக்கிறாள். கழுவிவிட்டால் அன்றைக்கு ஒரு நாளில் பார்த்து முடிந்துவிடும். நான் உனக்குப் படம் தரத் தயங்கவில்லை, கண்ணே. அவளை முடித்துவிடத்தான் தயங்குகிறேன்.

இதுதான் காரணம். இதைக் காரணம் என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தை


செப்டம்பர் 15

அன்புள்ள அத்தைக்கு,

நீங்களும் அங்கிளும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தைத் தையல் அக்கா வீட்டிலேயே பிரித்துப் படித்தேன். நான் அழுவதைப் பார்த்து அக்கா வாங்கிப் படித்தார். அதற்குப் பிறகு அன்று மிஷின் சத்தம் கேட்கவில்லை.

நான் எழுதியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. ரோலைக் கழுவ வேண்டாம் அத்தை. அப்படியே வைத்திருங்கள். அப்பா முகத்தை நான் வாயால் சொல்லிச் சொல்லி ஏட்டு மாமாவை எழுதவைக்கிறேன்.

இன்னொன்று நடந்தது. மாமாவிடம் மாட்டிக்கொண்டேன். இஸ்திரி போட்ட சீருடையை எடுக்கும்போது உங்கள் கடிதம் அவர் காலடியிலேயே விழுந்தது. எடுத்துப் படித்தார்.

"வீட்டு விஷயத்த ஊர் பேர் தெரியாதவங்களுக்கு எழுதறியா? யாரு இந்தப் பொம்பள?"

அம்மா அடுப்படியிலிருந்து வந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். அப்பா போன பிறகு அம்மா அப்படி நின்றது அன்றுதான்.

"உண்மையச் சொல்லுடி. எதுக்கு உனக்குப் படம்?" என்று அம்மாவே கேட்டாள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமா நம்பவில்லை. "இந்த வயசுல எவனுக்கு மறக்கும்? நடிப்பு" என்றார். நான் ஸ்டூல் போட்டுப் பரண்மேல் ஏறி ஒரு கட்டைக் கீழே தள்ளினேன். கயிறு அறுந்து படமெல்லாம் சிதறியது. மாமா குனிந்து அவருடைய படத்தையே எடுத்தார். திருவிழாக் கூட்டத்தில் அப்பளம் போல நசுங்கி நிற்கிறேன் என்று அவர் எப்போதும் திட்டுகிற படம் அது. பின்னால் அப்பா எழுதியிருந்தார்:

"மச்சான். கோபக்காரர். நல்லவர். பெயர் வராவிட்டால் பயப்பட வேண்டாம். மச்சான் என்று கூப்பிட்டால் போதும்."

மாமா அதைப் படித்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தார். அம்மா ஒவ்வொரு படமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய எல்லாப் படத்திலும் ஒரே வரிதான் இருந்தது. அதை நான் உங்களுக்கு எழுத மாட்டேன், அது அம்மாவுடையது.

கடைசியில் மாமா, "வீட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன். இப்பக் காலி பண்ண வேண்டாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த அம்மாவுக்குக் கடுமையா ஏதும் எழுதித் தொலச்சிருக்கியா?" என்றார். ஆமாம் என்றேன். "மன்னிப்புக் கேளு" என்றார்.

மன்னித்துவிடுங்கள் அத்தை.

ஒட்டடைக்குச்சி


அக்டோபர் 4

என் கண்ணுக்கு,

உன் அம்மாவுக்கும் மாமாவுக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல். நாங்கள் இருவரும் பரவாயில்லை. இதை வெறும் வார்த்தையாக எழுதவில்லை.

உன் கடிதத்தை அவரிடமே கொடுத்தேன். படித்துவிட்டு வெளியே போனார். திரும்பி வந்து அலமாரியைத் திறந்தார்.

"வேண்டாம்னு அந்தப் பொண்ணே சொல்லிடுச்சே" என்றேன்.

"வீணாப் போச்சுன்னு அவளத் திட்டிட்டேன். கடைசியா நான் திட்டினது இந்தப் படத்துக்குத்தான். அது வீணாப் போகலன்னு ஆகணும்" என்றார்.

ஸ்டூடியோவுக்கு இரண்டு பேரும் போனோம். ஸ்டூடியோக்காரர் உள்ளே போய், ரொம்ப நேரம் கழித்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"ரோல்ல ஈரம் ஏறிப் போச்சும்மா. வெளிச் சுத்தெல்லாம் போயிடுச்சு. உள்ளாற சுருண்டு கெடந்த கடைசிப் படம் மட்டும்தான் பிழைச்சுது."

வழியெல்லாம் எடுத்த கடுகு ஒருத்திகூட இல்லை. நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பிழைத்த ஒன்றை ஸ்டூடியோக்காரர் என் கையில் கொடுத்தார்.

உன் அப்பா. தொப்பி கையில் இருக்கிறது. வெயில் முகத்தில் நேராக அடிக்கிறது. புருவம் தெரிகிறது, பார். கொஞ்சம் சாய்ந்த படம்தான், எடுத்தவளுக்கு ஆறு வயது. ஓரத்தில் பாதி தெரிகிற ஆள் நீ. ஒரு தோளும் ஒரு கையும்.

அந்தப் படத்தைக் கடைக்கு எடுத்துப்போய், வில்லையில் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வெயில் அவள் முதுகுப் பக்கமிருந்து அடித்திருக்கிறது. படகுத்துறைப் பலகைமேல் ஒரு நிழல் நீளமாக விழுந்து உன் அப்பாவின் செருப்பைத் தொடுகிறது. இரண்டு முழங்கையும் சிறகு மாதிரி விரிந்திருக்கின்றன. இரண்டு சடை. ஒன்றில் ரிப்பன் இருக்கிறது. ஒன்றில் இல்லை.

நிழலை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது என்று உன் ஏட்டு சொன்னாராமே. அவரிடம் சொல், எங்களுக்குப் பிடித்துக்கொள்ள அதுதான் கிடைத்திருக்கிறது.

உனக்கு இரண்டு பிரதி வைத்திருக்கிறேன். ஓடு, ஸ்டேஷனுக்கு.

அத்தை


டிசம்பர் 20

அன்புள்ள அத்தைக்கும் அங்கிளுக்கும்,

இரண்டு பேரும் நலமென்று உங்கள் வாயால் கேட்க ஆசை. இந்தக் கடிதத்தைப் பட்டப்பகலில், கூடத்து மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாமா பக்கத்தில் இருக்கிறார். இருமுகிறார். நான் நிறுத்தவில்லை.

ஏட்டு சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அப்பாவின் முகம் எங்கெங்கோ போனது. போன மாதக் கடைசியில் தூரத்து ஊர் விடுதி ஒன்றிலிருந்து தகவல் வந்தது. ரயில் நிலையத்தில் கிடந்தவரை அங்கே சேர்த்திருக்கிறார்கள். சட்டைப் பையில் அட்டை எதுவும் இல்லை, பெயரும் தெரியவில்லை என்பதால் தொப்பிக்காரர் என்று கூப்பிட்டார்களாம். அம்மா, மாமா, நான் மூன்று பேரும் போனோம்.

"யார்கிட்டயும் அதிகம் பேச மாட்டாரு. ஆனா தினமும் காலையில வாசல் மீட்டரப் பாத்து சமையல்காரர்கிட்ட நம்பர் சொல்லிடுவாரு. நாங்களும் சரி பாத்தோம். ஒரு நாளும் தப்பல" என்றார் விடுதிக்காரர்.

அப்பா ரொம்ப இளைத்திருந்தார். அம்மாவைப் பார்த்து மரியாதையாக எழுந்து நின்றார், வேற்று மனுஷியைப் பார்த்த மாதிரி. மாமா, "மச்சான்" என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். என்னை அப்பா பார்க்கவே இல்லை.

கடுகு எடுத்த படத்தைக் கையில் கொடுத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார்.

"ஒரு சின்னப் பொண்ணு. மூஞ்சி தெரியலன்னு சொல்லுச்சு."

"ஆமாப்பா."

விரல் படத்தின் ஓரத்துக்குப் போனது. "இது என் மக. பாதிதான் விழுந்திருக்கா."

"மீதிப் பாதி நான்தாம்பா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். நான் போய் அவருக்கு இடப் பக்கத்தில், படத்தில் நிற்கிற மாதிரியே தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் கழித்து, "உசரம் சரியாத்தான் இருக்கு" என்றார். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். டாக்டர், இது சரியாகாது, மெதுவாகப் போகும்படி பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். சில நாள் நான் ஒட்டடைக்குச்சி. சில நாள் யாரோ ஒரு உயரமான பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து படங்களைத் திருப்புகிறோம். இப்போதெல்லாம் நான்தான் எடுக்கிறேன். எல்லாப் படத்திலும் அப்பா இருக்கிறார். மூலையில் என் விரல் விழுகிறது. மாமா திட்டுகிறார்.

உங்களிடம் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். கடுகைப் பற்றி அப்பாவிடம் நாங்கள் சொல்லவில்லை.

நேற்று அவரே பேனா கேட்டார். நீங்கள் அனுப்பிய படத்தின் ஒரு பிரதியில் எழுதினார். எழுதிவிட்டு, அதைக் கொடுத்தவர்களிடமே கொடு என்றார். இத்துடன் வைத்திருக்கிறேன். எழுத்து நடுங்கியிருப்பதால் கீழேயும் எழுதுகிறேன்:

"நான். பக்கத்தில் என் மகள், பாதி. இதை எடுத்தது கடுகு. அவள் படத்தில் இல்லை. எனக்கு எதிரே நிற்கிறாள்."

உங்கள்,
ஒட்டடைக்குச்சி